மாற்றலாகி வரும் பிள்ளையும் பிடுங்கி எறியப்பட்ட பிள்ளையும்

எங்கள் மாலை வகுப்புக்கு மகனைக் கூட்டிவரும் ஓர் அக்கா, பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறார். கான்ட்ராக்ட் வேலை. அவர் சொன்ன ஒரு சேதிதான் இதை எழுத வைத்தது.

"பிப்ரவரி மாசம் ஒரு கொரியாக்காரப் புள்ள புதுசா வந்துச்சு தம்பி. இங்கிலீஷ் சுத்தமா வராது. வந்த அன்னிக்கே கூடவே இருக்கச் சொல்லி இன்னொரு புள்ளய ஜோடி சேத்து வுட்டாங்க. தனியா சொல்லிக்குடுக்க ஒரு டீச்சரு. மூணு நாளு அழுதுச்சு. ஏன் நடுவுல வந்தேன்னு ஒருத்தரும் கேக்கல."

அக்காவின் மகனும் நடுவில் வந்தவன்தான். ஆற்றோரத்திலிருந்து அந்தக் குடும்பத்தைப் பிடுங்கி நகரத்தின் தெற்கு எல்லையில் கொண்டுவந்து கொட்டியபோது அவன் எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். புதுப் பள்ளியில் கேட்ட முதல் கேள்வி, ஏன் நடுவில் வந்தாய். இரண்டாவது கேள்வி, டிசி எங்கே. டிசி பழைய பள்ளியில். அதை வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போகும். மூன்று தடவை அலைந்தார். அந்த வருஷம் போயே போச்சு.

தோழர்களே, இன்டர்நேஷனல் பள்ளி என்றதும் நாம் நீச்சல் குளத்தையும் ஏசி வகுப்பறையையும் திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது கிடக்கட்டும். அப்படி ஒரு பள்ளி எதற்காக உண்டாயிற்று என்று கொஞ்சம் பார்ப்போம்.

1924-ல் ஜெனிவாவில், சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலைக்கு வந்த அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக ஒரு சர்வதேசப் பள்ளி தொடங்கப்பட்டது. அப்பனுக்கு நாடு மாற்றல் வந்தால் பிள்ளையின் படிப்பு அறுந்துபோகிறதே என்கிற கவலை அவர்களுக்கு. 1968-ல் அதே ஜெனிவாவில் ஐ.பி. என்கிற இன்டர்நேஷனல் பாக்கலாரியேட் அமைப்பும் வந்தது. ஒரு நாட்டில் விட்ட பாடத்தை இன்னொரு நாட்டில் பிடித்துக்கொள்ளலாம். நம் ஊருக்கு இது வந்த கதையும் தெரிந்ததுதான். 1991-ல் புதிய பொருளாதாரக் கொள்கை. 1995-ல் சென்னையில் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பள்ளி. இன்று தரமணியில் இருக்கிறது. அதே ஆண்டுகளில் மறைமலைநகருக்கு ஃபோர்டு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஹூண்டாய். கம்பெனிகள் வந்தன, அதிகாரிகள் வந்தார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு இடம் தயாராக இருந்தது. இப்படிப்பட்ட பள்ளிகளில் கட்டணம் லட்சக் கணக்கில். பல குடும்பங்களுக்கு அதைக் கம்பெனியே கட்டிவிடும். பிள்ளையின் படிப்பு, அதிகாரியை இடம் மாற்றும் செலவில் ஒரு பகுதி. நியாயமான கணக்கு.

இந்திய அரசுக்கும் இந்தக் கணக்கு தெரியும். மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கென்று 1963-லேயே கேந்திரிய வித்யாலயாக்களைத் தொடங்கியது இதே அரசுதான். ஆக, குடும்பத்தை இடம் மாற்றுகிறவன் அந்தக் குடும்பத்தின் பிள்ளைக்குப் பள்ளியும் ஏற்பாடு செய்ய வேண்டும். கம்பெனிக்கும் தெரியும், டெல்லிக்கும் தெரியும்.

இனி நம்ம கதைக்கு வருவோம். 2000-ல் இருந்து கண்ணகி நகர். அப்புறம் செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூட்டம் கூட்டமாகப் பெரும்பாக்கம். கூவம், அடையாறு ஓரங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இப்படித் தூக்கிப் போடப்பட்டன. பெரும்பகுதி தலித்துகள். தீவுத்திடலை ஒட்டி இருந்த சத்தியவாணி முத்து நகரை ஜேசிபி வைத்து இடித்தார்களே, அது எப்போது? 2019 டிசம்பர் கடைசியில். பத்தாவது பரீட்சைக்கு மூன்று மாதம்கூட முழுசாக இல்லை. தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்று தனிக் கட்சி கண்ட தலித் தலைவியின் பெயரைத் தாங்கிய நகர் அது. அங்கிருந்து பெரும்பாக்கம் சுமார் 25 கிலோமீட்டர். பழைய பள்ளியை விடக்கூடாது என்று நினைக்கிற பிள்ளை விடியுமுன்னே எழுந்து பஸ்ஸைப் பிடிக்கணும். பொம்பளப் புள்ளை என்றால் இருட்டில் அனுப்ப முடியாமல் நிறுத்திவிடுகிறார்கள். இடித்தவர்கள் லாரி ஏற்பாடு செய்தார்கள், வீட்டுச் சாவி கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் அவர்கள் பட்டியலில் இல்லை.

ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். அப்பன் வேலைக்காக நாடு விட்டு நாடு போய் வளரும் பிள்ளைகளுக்கு 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்று சமூகவியலில் ஒரு பெயர் உண்டு. ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்க ஆய்வாளர் வைத்த பெயர். 1950களில் அவரும் அவர் கணவரும் ஆய்வு செய்தது எங்கே தெரியுமா? இந்தியாவில். இங்கே வந்து வாழ்ந்த அமெரிக்கர்களைப் பார்த்துத்தான் அந்தக் கருத்தே பிறந்தது. அந்தப் பிள்ளை நண்பர்களைப் பிரிந்து படும் துக்கம், எந்த ஊர் தன் ஊர் என்று தெரியாமல் தவிக்கும் தவிப்பு, இவை பற்றியெல்லாம் புத்தகங்கள் வந்துவிட்டன. அந்தத் துக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. மூன்று நாள் அழுத கொரியாப் பிள்ளையின் கண்ணீரும் கண்ணீர்தான். ஆனால் கூவத்தோரத்திலிருந்து போன பிள்ளைக்கு நம் சமூகவியலும் அரசும் வைத்திருக்கும் பெயர் என்ன? 'இடைநிற்றல்'. ஏதோ அதுவே நடுவழியில் நின்றுகொண்ட மாதிரி!

சில தோழர்கள் கேட்பார்கள், அந்தப் பள்ளிகளை இழுத்து மூடச் சொல்ல வேண்டியதுதானே என்று. இன்னும் சிலர், அதில் நமக்கு 25 சதவீதம் கேட்கலாமே என்பார்கள். மூடினால் அக்காவின் வேலை போகும், அவர் மகனுக்கு ஒன்றும் வராது. இடம் கேட்பது தனிச் சண்டை, அதை அதன் இடத்தில் நடத்துவோம். நான் கேட்பது அந்தப் பள்ளியின் அடிப்படையில் இருக்கிற அந்த ஒரு கணக்கை.

அமெரிக்கர் என்றால் நமக்கு வேறொரு நினைவும் உண்டு. 1894-ல் அடையாறு பக்கம் பறையர் பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளி திறந்தவர் கர்னல் ஆல்காட் என்ற அமெரிக்கர். அயோத்திதாசப் பண்டிதரோடு 1898-ல் இலங்கைக்குப் போனவர். அவர் பெயரில் பெசன்ட் நகரில் இன்றும் பள்ளி இருக்கிறது. வெள்ளைக்காரன் வீட்டில் பட்லராகவும் சமையல்காரனாகவும் ஆயாவாகவும் நம் ஆட்கள் உழைத்த காலம் அது. 101 வருஷம் கழித்து வந்த அமெரிக்கப் பள்ளி யாருக்காக வந்தது என்று பார்த்தோம். நம் ஆட்கள் மட்டும் இன்றைக்கும் டிரைவர், ஆயா, ஹவுஸ்கீப்பிங்.

ஜெனிவாப் பள்ளி தொடங்கிய அதே 1924-ல்தான் பம்பாயில் பாபாசாகேப் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சோலாப்பூரில் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கு விடுதி. ஊர் விட்டு வந்து படிக்கிற பிள்ளைக்குத் தலைக்கு மேல் கூரை வேண்டும் என்பதை எந்தக் கம்பெனியும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பள்ளி மாற வேண்டிய பிள்ளைக்குத் தலைமையாசிரியர் உடனே டிசி கொடுக்க வேண்டும்; டிசி வரத் தாமதமானது என்று சொல்லிப் புதுப் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது. எழுதியிருக்கிறது, அழகாக. ஆனால் அந்தச் சட்டம் பதினாலு வயதோடு முடிந்துவிடுகிறது. பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற பிள்ளைகள் அதற்கு வெளியே. எட்டாவது படித்த அக்கா மகன் சட்டத்துக்கு உள்ளேதான் இருந்தான். அவனையே காப்பாற்றவில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. ஜூனிலிருந்து பரீட்சை முடியும் வரை எந்தக் குடியிருப்பிலும் ஜேசிபி நுழையக் கூடாது. சாவி கொடுக்கும் நாளன்றே, அதே மேசையில், பிள்ளையின் புதுப் பள்ளிச் சேர்க்கைச் சீட்டும் கொடுக்க வேண்டும். டிசியை அரசே ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு அனுப்பட்டும், எங்க அம்மாக்கள் கூலியை விட்டு அலைய மாட்டார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் பழைய பள்ளியிலேயே பரீட்சை எழுத விரும்பினால் அதுவரை அரசு செலவில் வேன். வரும் பிள்ளைகளைத் தாங்குகிற அளவுக்கு ஆசிரியர்கள். இதில் எதுவும் புதிது கிடையாது. கொரியாப் பிள்ளைக்குக் கிடைத்ததில் கால்வாசிகூட வராது.

வருகிற ஞாயிறு மாலை வகுப்பு முடிந்ததும் மனு எழுத உட்காருகிறோம். தங்கள் பகுதியில் எந்த மாதம் இடித்தார்கள், அப்போது வீட்டுப் பிள்ளை எந்த வகுப்பு என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அக்கா பழைய டிசியின் ஜெராக்ஸைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது தடவை போனபோது கிடைத்தது.