சாலைக் கடைத்தெருவைத் தவிர்த்துவிட்டு ஒரு போர் வரலாறா?

நகரங்களின் போர்க்கால வரலாற்றை நடந்தே சுற்றிக் காட்டும் பயணங்கள் இன்று உலகெங்கும் பெருகி வருகின்றன. வழிகாட்டி முன்னே செல்வார். ஊர் பார்க்க வந்தவர்கள் பின்னே செல்வார்கள். சிலை, கல்வெட்டு, கோட்டை வாயில், தூண் என்று ஒவ்வொன்றின் முன்னும் சிறிது நேரம் நிற்பார்கள். மக்கள் தங்கள் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவது வரவேற்கத்தக்கதே. ஆனால் எங்கே நிற்பது, எதை நின்று பாராமல் கடந்து போவது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? திருவனந்தபுரத்தில் இந்தக் கேள்வியை எழுப்புவதற்கு மிகப் பொருத்தமான இடம் சாலைக் கடைத்தெரு. போர் வரலாற்றைத் தேடி நடப்பவர்கள் நின்று பாராமல் கடந்து போகும் இடமும் அதுவே.

நகரின் நடுவே உள்ள மகாத்மா காந்தி சாலை வழியாகத் தெற்கு நோக்கி நடப்போம். பாளையத்தில் தியாகிகள் தூண் நிற்கிறது. 1857-ஆம் ஆண்டுப் பெரும் புரட்சியின் நூற்றாண்டையொட்டி 1957 ஆகஸ்ட் 14 அன்று குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அதைத் திறந்து வைத்தார். தலைமைச் செயலக வளாகத்தில் வேலுத்தம்பி தளவாயின் சிலை உள்ளது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தலக்குளத்தில் பிறந்து, 1809 ஜனவரியில் குண்டறையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக அறைகூவல் விடுத்தவர் அவர். மண்ணடியில் அவர் உயிர் துறந்த பிறகும் கம்பெனியின் வஞ்சம் தீரவில்லை. உடலைத் தலைநகருக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். ஏகாதிபத்தியத்தின் 'நாகரிகம்' எத்தகையது என்பதற்கு இந்நகரம் நேரடிச் சாட்சி. இந்த நினைவுச் சின்னங்கள் போற்றத்தக்கவை. நமது வழக்கு இவற்றோடு அல்ல. இவற்றோடு வரலாறு முடிந்துவிட்டதாகக் கருதும் போக்கோடுதான்.

அடுத்து வருவது வீரக் கதைகள். திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளை, 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைத் தாக்கிய எம்டன் கப்பலில் வந்தார் என்ற கதை இன்றும் ஆர்வத்தோடு சொல்லப்படுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஐரோப்பாவில் இந்திய விடுதலைக்கு ஆதரவு திரட்டியதும், 1915-இல் காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசில் பொறுப்பு வகித்ததும்தான் அவருடைய உண்மையான பணி. அது பீரங்கி முழக்கம் இல்லாத பணி என்பதால் கதை சொல்பவர்களுக்குச் சுவைப்பதில்லை. வக்கம் அப்துல் காதர் இந்நகருக்கு வடக்கே கடலோரச் சிற்றூரில் பிறந்தவர். மலேயாவுக்குப் பிழைக்கப் போய், அங்கே விடுதலை இயக்கத்தில் சேர்ந்து, நீர்மூழ்கிக் கப்பலில் மலபார்க் கரையில் வந்திறங்கிப் பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 26. அவரையேனும் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர் தூக்கு மேடை ஏறிய அதே ஆண்டில் திருவிதாங்கூரில் பசியால் மாண்டவர்களை அறிந்தவர்கள் எத்தனை பேர்?

இங்கேதான் நமது நடை கிழக்கே கோட்டையிலிருந்து சாலைக்குள் திரும்ப வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய கடைத்தெரு இது. கோட்டை வாயிலிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் இத்தெருவில் அரிசி, பருப்பு, மிளகாய், பாத்திரம், பூ என அனைத்தும் கிடைக்கும். தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் தெரு. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கிய நாஞ்சில் நாட்டிலிருந்து தலைநகருக்கு வரும் பாதை கரமனை, கிள்ளிப்பாலம் வழியாக இங்கேதான் வந்து சேர்கிறது. அரிசி வரும் வழியே போர் வந்த வழியும் ஆயிற்று.

திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியில் பெரும் பங்கை வெளியிலிருந்து வாங்கி உண்ட நாடு. இது இயற்கையின் குறை அன்று. தேயிலை, ரப்பர், மிளகு, கொப்பரை, கயிறு என்று உலகச் சந்தைக்காக உற்பத்தி செய்யும்படி அதன் பொருளாதாரம் திருப்பப்பட்டிருந்தது. தோட்ட முதலாளிக்கு லாபம்; அரசுக்கு வரி; தொழிலாளியின் கலத்துக்கு பர்மா அரிசி. 1939 செப்டம்பரில் வைசிராய் லின்லித்கோ இந்திய மக்களின் ஒப்புதலைக் கேளாமலேயே இந்நாட்டைப் போரில் இறக்கினார். சமஸ்தான மன்னர்கள் போட்டி போட்டுக்கொண்டு ஆளும் பொருளும் வழங்க முன்வந்தார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. ஒரு குண்டுகூட விழாத திருவிதாங்கூரின் அடுப்புகளில் போர் புகுந்தது.

விலை ஏறியது. பதுக்கல் பெருகியது. திவான் சர் சி. பி. ராமசாமி ஐயரின் அரசு நெல் கொள்முதலையும் பங்கீட்டையும் கையிலெடுத்தது. ஆனால் பங்கீட்டு அரிசி உழைப்பவர் வயிற்றை நிரப்பவில்லை. மரவள்ளிக் கிழங்கே உயிரைப் பிடித்து வைத்தது. ஊட்டமின்மையும் காலராவும் கைகோத்து வந்தன. சேர்த்தலை வட்டத்துக் கயிற்றுத் தொழிலாளர் குடும்பங்கள் பெரிதும் வாடின. பிழைக்க வழி தேடி மலபார்க் காடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்களை மலேரியா காத்திருந்து கொன்றது. கே. ஜி. சிவசாமியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1945-இல் வெளியிட்ட ஆய்வுகள் இத்துயரைப் பதிவு செய்துள்ளன. அதே சேர்த்தலை, அம்பலப்புழை வட்டாரத் தொழிலாளர்கள்தான் 1946 அக்டோபரில் புன்னப்புரையிலும் வயலாரிலும் திவானின் துப்பாக்கிகளுக்கு முன்னே நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். பசியின் வரலாற்றை மறைத்துவிட்டு அந்த எழுச்சியின் வரலாற்றை யாரும் விளக்கிவிட முடியாது.

இந்த மறதி திருவனந்தபுரத்துக்கு மட்டும் உரியதல்ல. அதற்கு வர்க்கமும் நிறமும் உண்டு. சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. அவ்வாறு இருப்பது நியாயமே. ஆனால் அதே பாதையில் அவர்களைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் மாண்ட ஆசியத் தொழிலாளர்களுக்கு, மலேயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் உட்பட, அத்தகைய கல்லறை வரிசை இல்லை. முதல் உலகப் போரில் பிரித்தானியப் பேரரசுக்காக மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள், பணியாளர்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயரளவில்கூட நினைவுகூரப்படவில்லை என்பதைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. ஒரு நூற்றாண்டு கழித்து! சீருடை அணிந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், அரிசிக்காக வரிசையில் நின்று மடிந்தவர்களைப் பற்றி என்ன சொல்வது?

'சுற்றுலாவில் ஏன் அரசியலைக் கலக்கிறீர்கள்? பார்க்க ஒரு சின்னம் வேண்டாமா? பசிக்கு எங்கே சிலை வைப்பது?' என்று சிலர் கேட்கக்கூடும். மன்னரின் மாளிகை முன்னே நின்று அவரது கொடையைப் புகழ்வது அரசியல் இல்லையாம். கடைத்தெருவில் நின்று பசியைப் பேசுவது மட்டும் அரசியலாம். வேடிக்கையான வாதம் இது. எதைச் சொல்வது என்ற தேர்வே அரசியல்தான். மேலும், அந்தப் பசிக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கத்தான் செய்கிறது. நமது தெருமுனையில் தினமும் அதைக் கடந்து செல்கிறோம். அதுவே ரேஷன் கடை.

இந்தியாவின் உணவுப் பங்கீட்டு முறை அந்தப் போரின் நெருக்கடியில் பிறந்தது. 1943-இல் அமைக்கப்பட்ட உணவு தானியக் கொள்கைக் குழு நகரங்களில் பங்கீட்டைப் பரிந்துரைத்தது. வங்கத்தில் ஏறத்தாழ 30 லட்சம் உயிர்களைப் பலி கொண்ட பஞ்சம் அந்த ஆண்டில்தான் நிகழ்ந்தது. பிற்காலத்தில் கேரள மக்கள் போராடி, அறுபதுகளின் நடுவில் அனைவருக்குமான பங்கீட்டு முறையாக அதை வளர்த்தெடுத்தார்கள். ஏகாதிபத்தியம் தன் நெருக்கடியைச் சமாளிக்கக் கொண்டுவந்த ஏற்பாட்டை மக்கள் தங்கள் உரிமையாக மாற்றிக்கொண்டார்கள்.

அந்த உரிமைதான் 1997-இல் வறுமைக்கோட்டைக் காட்டித் துண்டாடப்பட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இன்று கேரளத்தில் ஏறத்தாழ 1.54 கோடிப் பேர் மட்டுமே முன்னுரிமைப் பிரிவினர். மக்கள் தொகையில் பாதிக்கும் மேற்பட்டோர் அதற்கு வெளியே நிற்கிறார்கள். உணவுக்குத் தன் மண்ணை மட்டும் நம்ப முடியாத ஒரு மாநிலத்துக்கு இது எத்தகைய அபாயம் என்பதை 1943 காட்டிவிட்டது. கப்பல் நின்றால் அடுப்பு நிற்கும். சந்தையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று உபதேசிப்பவர்களுக்கு அந்த ஆண்டு மறக்கப்பட்டால்தான் வசதி. ஆகவே மறதி தற்செயலானதன்று. அதனால் பயனடைபவர்கள் இருக்கிறார்கள்.

சாலையின் உழைக்கும் மக்களுக்கு இலக்கியத்திலேனும் இடம் கிடைத்தது. இத்தெருவிலேயே கடை நடத்திய எழுத்தாளர் ஆ. மாதவன், தமது கடைத்தெருக் கதைகளில் சுமை தூக்குவோரையும் சிறு வியாபாரிகளையும் கைவிடப்பட்டவர்களையும் மனிதர்களாக நிறுத்தினார். ஓர் எழுத்தாளர் தனித்து நின்று செய்ததை ஒரு நகரம் செய்ய முடியாதா?

நமது கோரிக்கைகள் எளியவை. போர்க்கால வரலாற்றைக் காட்டும் எந்த நடையும் சாலையில் நின்று பேச வேண்டும். 1942-44 பஞ்சத்தில் மாண்டவர்களுக்கு மலையாளத்திலும் தமிழிலும் ஒரு கல்வெட்டு இத்தெருவில் எழ வேண்டும். அக்காலத்தைச் சிறுவயதில் கண்ட முதியவர்கள் சிலரேனும் நம்மிடையே உள்ளபோதே அவர்களது நினைவுகளைப் பதிவு செய்ய வேண்டும். அரசு செய்யட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. தொழிற்சங்கங்களும் மாதர், வாலிபர், மாணவர் அமைப்புகளும் நூலக இயக்கமும் இப்பணியை இன்றே தொடங்கலாம். அந்த நடை பாளையத்துத் தூணில் தொடங்கட்டும். கிள்ளிப்பாலத்தை அடையும் முன்னர் ஏதேனும் ஒரு ரேஷன் கடை வாசலில் நின்று, அதை அனைவருக்கும் உரிய கடையாக மீட்கும் போராட்டத்துக்கு ஆள் திரட்டட்டும்.