பிரேக் திடீர்னு ஃபெயில் ஆகாது

தொப்பூர் கணவாயில் விபத்து நடந்த மறுநாள் பேப்பரைப் பாருங்கள். "பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்த லாரி" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். படித்துவிட்டு நாமும் "அடப்பாவமே, பிரேக் ஃபெயிலியராம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். ஏதோ இடி விழுந்த மாதிரி, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாத மாதிரி!

எனக்கு இந்த வரி மேல் ரொம்ப நாளாகவே கோபம். ஏன் பிடிக்கவில்லை? எப்போதிலிருந்து பிடிக்கவில்லை? அது யாருக்கெல்லாம் தெரிந்திருந்தது? இந்த மூன்று கேள்வியையும் யாரும் கேட்பதே இல்லை.

தருமபுரிக்காரர்களுக்குத் தொப்பூரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெளியூர் நண்பர்களுக்காக: பெங்களூருவிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ல், தருமபுரியைத் தாண்டி வரும் மலை இறக்கம் அது. வளைவும் இறக்கமும் சேர்ந்தே வரும். 2020 டிசம்பரில் ஒரு லாரி அங்கே வரிசையாக நின்ற பத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மேல் ஏறியது. 2024 ஜனவரி 24 அன்று இன்னொரு லாரி முன்னால் போன வண்டிகளில் மோதி, தீப்பிடித்து, நான்கு பேர் இறந்தார்கள். அந்த சிசிடிவி வீடியோ எல்லோருடைய போனிலும் சுற்றியது. பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இந்த விபத்துகளில் எந்த வண்டியில் என்ன கோளாறு என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. பொதுவாக லாரி பிரேக் எப்படிச் சாகிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அது சாவதற்கு முன்னால் ரொம்ப நாள் இழுத்துக்கொண்டு கிடக்கும்.

பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி ஏற்றும் டாடா 407 மாதிரி சின்ன லாரியை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது ஆயில் பிரேக். மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும், வீல் சிலிண்டர் விரிந்து லைனிங்கை டிரம்மில் அழுத்தும். லோடு வண்டியை வெறும் கால் பலத்தில் நிறுத்துவது கஷ்டம். அதனால் பெடலுக்கும் மாஸ்டருக்கும் நடுவில் சட்டி மாதிரி ஒரு சாமான் வைத்திருப்பார்கள். அதுதான் பூஸ்டர். உள்ளே ஒரு ரப்பர் டயாபிரம். அதன் இரண்டு பக்கமும் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக வைத்திருக்கும். பெடலை மிதித்ததும் நம் பக்கம் மட்டும் வெளிக்காற்று உள்ளே வரும், அந்தக் காற்றழுத்தம் காலோடு சேர்ந்து தள்ளும். (அமெரிக்க பிக்கப் வண்டிகள் சிலவற்றில் இதே வேலையைப் பவர் ஸ்டீயரிங் பம்பின் ஆயில் அழுத்தம் செய்யும். அங்கே லீக் என்றால் தரையெல்லாம் எண்ணெய், ஒளிக்கவே முடியாது.)

நம்ம ஊர் பூஸ்டரில் லீக் இரண்டு விதம். ஒன்று, காற்று லீக். டயாபிரம் கிழியும், ஓஸ் வெடிக்கும், வால்வு போகும். பெடல் கல் மாதிரி ஆகிவிடும். டிரைவருக்கு அன்றைக்கே தெரியும்.

இரண்டாவதுதான் ஆபத்து. மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் தேய்ந்து, பிரேக் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பூஸ்டருக்குள் இறங்கும். தரையில் ஒரு சொட்டு இருக்காது, நான்கு சக்கரமும் காய்ந்திருக்கும், ஆனால் டப்பாவில் மட்டும் ஆயில் குறையும். "எங்கயோ லேசா இழுக்குது, ஊத்திட்டுப் போங்க" என்பார்கள். ஊற்றுவார்கள். அடுத்த வாரமும் ஊற்றுவார்கள். உள்ளே போன ஆயில் டயாபிரத்தையும் கெடுத்துவிட்டால் இரண்டு லீக்கும் ஒன்று சேர்ந்துகொள்ளும். இப்போதுள்ள மாஸ்டர் இரட்டை அறை கொண்டது, ஒரு பாதி போனாலும் மறு பாதி கொஞ்சம் பிடிக்கும் என்று ஆறுதல் சொல்லலாம். பாதி பிரேக்கில் முழு லோடோடு தொப்பூர் இறங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் அந்த ஆறுதலைச் சொல்லுங்கள்.

இதற்கு வைத்தியம் ஊற்றுவது இல்லை, மாற்றுவது. அதுவும் பூஸ்டரை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய மாஸ்டரையே மாட்டினால், புதுப் பூஸ்டரும் அதே ஆயிலைக் குடிக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடுவில் இருக்கும் கம்பியின் அளவு சரியாக இருக்க வேண்டும். நீளம் கூடினால் காலை எடுத்த பிறகும் பிரேக் லேசாகப் பிடித்தபடியே இருந்து டிரம் சூடாகும். கடைசியில் லைனில் உள்ள காற்றை முழுக்க எடுக்க வேண்டும். நல்ல மெக்கானிக்குக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் வண்டி பட்டறையில் நிற்கும், நடை போகும். ஓனருக்கு வலிப்பது அங்கேதான். அதனால் 'கிட்' மட்டும் போட்டு ஓட்டுவது, அதுவும் முடியாவிட்டால் ஆயில் டப்பாவைக் கேபினில் வைத்துக்கொண்டு ஓட்டுவது... இப்படியே போகும்.

இப்போது இறக்கத்துக்கு வருவோம். மெக்கானிக்கல் படிக்கும் மக்களே, கணக்கு போட்டுப் பாருங்கள். 5 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவரும் ஆற்றல் ஏறக்குறைய 49 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 16 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. கீழ் கியரில் வந்தால் அதில் பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் எல்லாம் டிரம்முக்கு. டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது தர அளவு. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு வெறும் 140 டிகிரி. அதைத் தாண்டிக் கொதித்தால் லைனுக்குள் ஆவி. ஆவியை அமுக்கினால் அது சுருங்கும், சக்கரத்துக்கு அழுத்தம் போகாது. பெடல் தரையைத் தொடும்.

டீசல் மிச்சம் என்று எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களும் உண்டு. டீசல் எஞ்சினில் பூஸ்டருக்கு வெற்றிடம் கொடுப்பது தனியாக ஒரு வேக்கம் பம்ப். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். மிச்சம் இருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். பூஸ்டரில் ஏற்கனவே லீக் இருந்தால் அதுவும் இல்லை.

"பெரிய லாரிக்கு ஏர் பிரேக் ஆச்சே" என்று யாராவது கேட்பீர்கள். வாஸ்தவம். அதில் காற்று ரொம்பக் குறைந்தால் ஸ்பிரிங் தானாகவே சக்கரத்தைப் பிடிக்கும்படி செய்திருக்கிறார்கள். ஆனால் டிரம் சூடேறி லைனிங் பிடிப்பு இழந்தால் காற்று இருந்தும் பயனில்லை. இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வந்தால் அதுதான் நடக்கும்.

சரி, தப்பு யாருடையது? விபத்து நடந்ததும் வழக்கு டிரைவர் மேல். நியூட்ரலில் வந்திருந்தால் அவர் தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் "ஆயில் குறையுது அண்ணே" என்று அவர் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தால்? இந்த நடை போகமாட்டேன் என்றால் வேறு டிரைவர் ஏறுவார், அவ்வளவுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு குறையுள்ள வண்டியை ஓட்டுபவரை மட்டும் சொல்லவில்லை, ஓட்ட விடுபவரையும் சேர்த்தே சொல்கிறது. சாதாரண கவனத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய குறை என்றாலே போதும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 1,500 ரூபாய். அந்தக் குறையால் விபத்தாகி யாருக்காவது காயமோ சேதமோ வந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய், அல்லது இரண்டும். இந்தத் தொகையைப் பார்த்து எந்த ஓனர் பயப்படுவார் என்று தெரியவில்லை :-)

நஷ்ட ஈடு வழக்கில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. மினு மேத்தா வழக்கில் 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: எந்திரக் கோளாறு என்று சொன்னால் மட்டும் போதாது, உரிய கவனம் எடுத்தும் தெரியாமல் ஒளிந்திருந்த குறை என்பதை ஓனர் காட்ட வேண்டும். வாரா வாரம் ஆயில் ஊற்றிய வண்டியில் எது ஒளிந்திருந்தது?

எஃப்.சி. இருக்கிறதே என்பார்கள். எட்டு வருடம் வரையுள்ள வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருடம் ஒரு தடவை. பெயிண்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, மணப்பெண் மாதிரி கொண்டுபோய் நிறுத்துகிறோம். அந்த ஒரு நாள் சரியாக இருந்தால் போதுமா? சீல் தேய்வதற்கு ஒரு வருடம் தேவையில்லை. கணவாயில் உயர்மட்டச் சாலைத் திட்டத்தைப் பற்றியும் நிறையப் பேசுகிறார்கள். வரட்டும், நல்லது. ஆனால் லீக் அடிக்கும் பூஸ்டர் அந்தச் சாலையிலும்தானே வரும்.

என்னைக் கேட்டால், இறக்கத்துக்கு முன்னால் இருக்கும் பாளையம் சுங்கச்சாவடிப் பக்கம் சின்ன லாரிகளை ஓரமாக நிறுத்தி ஒரு நிமிடச் சோதனை வைக்கலாம். கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும் வரை நாலைந்து தடவை மிதிக்க வேண்டும். மிதித்த காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பூஸ்டர் நன்றாக இருந்தால் பெடல் லேசாகக் கீழே இறங்கும். இறங்காவிட்டால் பூஸ்டர் வேலை செய்யவில்லை. கூடவே ஆயில் டப்பாவையும் ஒரு பார்வை. தினமும் எல்லா வண்டியையும் பார்க்க முடியாதுதான், கியூ நிற்கும், சங்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பத்தில் ஒன்றைப் பார்த்தாலும் போதும். தேறாத வண்டியை அங்கேயே நிறுத்தி, வேறு வண்டிக்கு லோடு மாற்றிவிடலாம். தக்காளி கொஞ்சம் நசுங்கும்.