லெப்புக்குப் பூட்டு, போனுக்குத் திறப்பு

பாடசாலை கம்பியூட்டர் லெப்பில் யூடியூப் வராது. புளொக் எதுவும் திறக்காது. கூகுள் ட்ரைவ் ஒரு நாள் வரும், மறுநாள் வராது. கேட்டால் "பிள்ளைகளின் பாதுகாப்புக்கு" என்ற ஒரே பதில்தான். பாதுகாப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆபாசத் தளமும் சூதாட்டத் தளமும் லெப்பில் திறக்கவே கூடாது. அதில் இரண்டு பேச்சு இல்லை.

ஆனால் பூட்டுப் போட்டது எதற்கு என்று பாருங்கள். தமிழ் மொழிமூலப் பிள்ளைக்கு இணையத்தில் இருப்பதே கொஞ்சம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இருக்கிறது. அதற்கு வெளியே கிடைக்கிற மாதிரி வினாத்தாள், செய்முறை வீடியோ, பாடக்குறிப்பு பெரும்பாலும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள் இரவு கண்விழித்துச் செய்து யூடியூபிலும் இலவச புளொக்கிலும் போட்டவை. சொந்தமாக வெப்சைட் நடத்த யாரிடம் காசு இருக்கிறது? வீடியோ, புளொக் என்று வகை வகையாகப் பூட்டினால் ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளைக்கு வேறு பத்து வாசல் இருக்கும். எங்கள் பிள்ளைக்கு இருந்த ஒன்றும் போகும்.

சொல்லைப் பார்த்துப் பூட்டுவது அதைவிட மோசம். உயர்தர உயிரியலில் மனித இனப்பெருக்கம் பாடவிதானத்திலேயே இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் பற்றித் தேடுகிற பிள்ளையையும் கெட்டதைத் தேடுகிற பிள்ளையையும் அந்த மென்பொருளுக்குப் பிரித்தறியத் தெரியாது. (1996இல் இங்கிலாந்தின் ஸ்கந்தோர்ப் ஊர்க்காரர்களுக்கு ஏஓஎல் நிறுவனத்தில் கணக்குத் திறக்க முடியாமல் போனது. ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் இருந்ததுதான் காரணம்!)

பெற்றோரே, அதே பிள்ளை பாடசாலை விட்டு வீட்டுக்கு வந்ததும் கையில் எடுப்பது என்ன? 2020இல் கொரோனாவுக்குப் பாடசாலை மூடியபோது வட்ஸ்அப்பில் பாடம் படிக்கவென்று கடன்பட்டு வாங்கிக் கொடுத்த போன். அதில் எந்த வடிகட்டியும் கிடையாது. பக்கத்தில் உம்மாவும் இல்லை, வாப்பாவும் இல்லை. ஆசிரியர் பின்னால் நிற்கிற இடத்தில் பூட்டுப் போட்டுவிட்டு, ஆளே இல்லாத இடத்தில் திறப்பைப் பிள்ளையின் கையில் கொடுத்திருக்கிறோம். தளத்தைத் திறந்து, இது நம்பலாம், இது பொய் என்று பிரித்துக் காட்ட வேண்டிய வகுப்பில் நாங்கள் "ஸ்கிரீன்ஷொட்" காட்டிக்கொண்டு நிற்கிறோம்.

நாங்கள் கேட்பது பெரிய விடயமல்ல. எவை பூட்டப்பட்டிருக்கின்றன என்ற பட்டியலை ஆசிரியருக்குக் காட்டுங்கள். பாடத்துக்குத் தேவையான தளத்தை எழுதிக் கொடுத்தால் அன்றே திறந்துவிட வலயத்தில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பெயின்ற், வேலி பற்றிப் பேசி முடிந்ததும், இதையும் ஒருவர் எழும்பிக் கேளுங்கள். நாங்கள் கேட்டால் "ரீச்சர்மாருக்குப் படம் பார்க்கவா?" என்கிறார்கள்.