பார்போசாவை மன்னிக்க நாம் யார்?

உலகக் கோப்பைக் கால்பந்துக் காலம் வந்துவிட்டால் நம் இலக்கிய அன்பர்கள் சிலருக்கு 1950 நினைவுக்கு வந்துவிடுகிறது. ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கம், ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரின் திடீர் மௌனம், கோல் கம்பத்தருகே தரையிலிருந்து மெல்ல எழும் கறுப்பினக் கோல்கீப்பர். இம்மூன்றையும் அடுக்கி, 'இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் துன்பியல் நாடகம்' என்று முடித்தால் கட்டுரை தயார். எழுதியவருக்கு நிறைவு, வாசித்தவருக்கு ஒரு பெருமூச்சு.

இதைக் கேலி செய்யும் தகுதி எனக்கில்லை. முதுகலை வகுப்பில் துன்பியல் கோட்பாட்டை நடத்தும்போது பல ஆண்டுகள் நானும் மோஅசீர் பார்போசாவைத்தான் எடுத்துக்காட்டினேன். அரிஸ்டாட்டில் சொல்லும் தலைவனின் பிழை, அதனால் விளையும் வீழ்ச்சி, காண்போர் கொள்ளும் இரக்கமும் அச்சமும் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. ஒருநாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அவர் செய்த பிழை என்ன?" என்று கேட்டார். விடை சொல்ல வாயெடுத்தபோதுதான் என்னிடம் விடை இல்லை என்பது தெரிந்தது. இக்கட்டுரை அவருக்கு நான் பட்ட கடன்.

நடந்தது என்ன? அவ்வாண்டு முறையான இறுதிப் போட்டி என்று ஒன்றே கிடையாது. நான்கு அணிகள் தமக்குள் ஆடிப் புள்ளி சேர்க்கும் கடைசிச் சுற்றுதான். ஸ்வீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் வென்றிருந்த பிரேசிலுக்கு, ஜூலை 16 அன்று உருகுவேயுடனான ஆட்டத்தைச் சமன் செய்தாலே கோப்பை கிட்டிவிடும். எனவே கடைசி ஆட்டமே இறுதிப் போட்டி ஆயிற்று. ஆட்டம் தொடங்குமுன்பே 'ஓ முண்டோ' நாளிதழ் பிரேசில் அணியின் படத்தை அச்சிட்டு, உலக வாகையர் இவர்களே என்று அறிவித்துவிட்டது. ரியோ மேயரும் தம் உரையில் வெற்றி வாழ்த்தையே கூறிவிட்டார்.

இடைவேளை முடிந்த கையோடு ஃப்ரியாசா ஒரு கோல் அடித்தார். சமனே போதும் என்ற நிலையில் முன்னிலையும் கிடைத்தாயிற்று. ஆயினும் பிரேசில் தாக்குவதை விடவில்லை. 66ஆம் நிமிடத்தில் உருகுவேயின் கிஜ்ஜியா வலப்பக்கமாகப் பிகோடியைக் கடந்து பந்தை நடுவே அனுப்ப, ஸ்கியாஃபினோ அதைக் கோலாக்கினார். 79ஆம் நிமிடத்தில் மீண்டும் அதே வலப்பக்கம், அதே கிஜ்ஜியா. இம்முறையும் நடுவேதான் அனுப்புவார் என்று கணித்துப் பார்போசா சற்றே முன்னகர்ந்தார். கம்பத்துக்கும் அவருக்கும் இடையே திறந்த சிறு இடைவெளியில் கிஜ்ஜியா பந்தை அடித்தார். 2-1.

இதில் பிழை எது? பதின்மூன்று நிமிடங்களுக்கு முன் அதே இடத்திலிருந்து வந்த பந்து கோலாக மாறியதைக் கண்ணால் கண்ட காவலர், அந்த வழியை அடைக்க முனைந்தது அறிவா, அறியாமையா? நகராமல் நின்று, கிஜ்ஜியா பந்தை நடுவே அனுப்பியிருந்தால், 'பட்டும் பாடம் கற்கவில்லை' என்று இதே உலகம் அவரைத் தூற்றியிருக்கும். ஒரே பக்கம் இருமுறை உடைந்ததே, பிகோடிக்குத் துணை நிற்க ஏன் ஆளில்லை? முன்னிலை பெற்ற பின்னும் தற்காப்பை ஏன் இறுக்கவில்லை? இவை பயிற்சியாளர் ஃபிளாவியோ கோஸ்டாவிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்.

கேட்கப்படவில்லை. பழி மூவர்மீது இறங்கியது: பார்போசா, பிகோடி, ஜுவெனல். மூவரும் கறுப்பர்கள். இதை இன்று நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பிரேசில் கால்பந்தில் கறுப்பரின் இடம் பற்றி 1947இல் நூல் எழுதிய மாரியோ ஃபில்யோ, 1964இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் இந்தப் பழிசுமத்தலையும் பதிவு செய்தார். மரக்கானா அரங்கத்தின் முறையான பெயரே இன்று அவருடைய பெயர்தான்.

அவருடைய உடன்பிறந்த தம்பி நெல்சன் ரோட்ரிகஸ். நவீன பிரேசில் நாடகத்தின் முன்னோடி. ஐயத்துக்கு இடமில்லாத பெருங்கலைஞர். அவர்தாம் இந்தத் தோல்வியைப் பிரேசிலின் ஹிரோஷிமா என்று வருணித்தவர். அவ்வுவமையை மேற்கோள் காட்டாத மரக்கானா கட்டுரை அரிது. அதைக் கண்டு வியக்கும் நண்பர்களிடம் கேட்கிறேன்: ஹிரோஷிமாவில் 1945 முடிவதற்குள் இறந்தோர் ஏறக்குறைய 1,40,000 பேர். மரக்கானாவில் அதிர்ச்சியால் இறந்தவர் உண்டு என்று சொல்வார்கள். அதை ஏற்றாலும் எஞ்சிய கூட்டம் அழுதபடி வீடு திரும்பியது, மறுநாள் திங்கட்கிழமை. உவமைக்கும் பொருளுக்கும் பொதுத்தன்மை வேண்டும் என்பது நம் அணியிலக்கணத்தின் முதல் பாடமல்லவா? உவமை மிகையானால் அழகுதான் கெடும் என்று நினைக்கிறோம். இங்கே கெட்டது ஒரு மனிதனின் வாழ்வு. அணுகுண்டு விழுந்ததென்றால் அதைப் போட்டவன் ஒருவன் இருந்தாக வேண்டுமே! ரோட்ரிகஸ் பார்போசாவைச் சுட்டவில்லை என்று வாதிடலாம். சுட்ட வேண்டிய தேவையே இல்லை. பேரழிவு என்று பெயர் வைத்துவிட்டால், குற்றவாளியை ஊரே தேடிக்கொள்ளும்.

நம் தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன்கள் வகுத்தார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பொருளோ உறவோ இழப்பது இழவு. பிறரால் இகழப்பட்டு எளியனாவது இளிவு. இரண்டையும் அவர் தனித்தனியே வைத்ததன் நுட்பம் பார்போசாவின் கதையைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பிரேசிலுக்கு நேர்ந்தது இழவு. அது 1958இல் முதல் கோப்பையோடு தீர்ந்தது. அதன்பின் நான்கு கோப்பைகள் வந்தன. பார்போசாவுக்கு நேர்ந்தது இளிவு. அது தீரவில்லை. 'துன்பியல்' என்ற ஒற்றைச் சொல் இரண்டையும் ஒன்றாக்கி, தேசத்தின் கண்ணீரை முன்னே நிறுத்தி, தனிமனிதனின் அவமானத்தை அதன் பின்னே மறைத்துவிடுகிறது.

அந்த அவமானம் எத்தகையது? 1948இல் வாஸ்கோ ட காமா அணியோடு தென்னமெரிக்கக் கழகங்களின் வாகைப் பட்டத்தையும், 1949இல் நாட்டுக்காகத் தென்னமெரிக்கக் கோப்பையையும் வென்றவர் அவர். பிற்காலத்தில், தோற்ற அதே அரங்கத்தின் ஊழியராகவே வேலை பார்த்தார். கடையில் ஒரு பெண் அவரைச் சுட்டி, பிரேசிலையே அழவைத்த மனிதர் இவர் என்று தம் மகனிடம் சொன்னதை அவரே வேதனையோடு நினைவுகூர்ந்திருக்கிறார். 1993இல் தேசிய அணியின் பயிற்சி முகாமைக் காணச் சென்றவரை, ராசியில்லாதவர் என்று அஞ்சி உள்ளே விடவில்லை. நாட்டின் சட்டத்தில் மிகக்கூடிய தண்டனை முப்பது ஆண்டுகள், தாம் அதையும் தாண்டி அனுபவித்துக்கொண்டிருப்பதாக அவர் சொன்னார். 2000 ஏப்ரலில் இறந்தார். உலகக் கோப்பையில் பிரேசிலின் முதல் தேர்வுக் கோல்கீப்பராக மற்றொரு கறுப்பர், டீடா, நிற்பதற்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்குப் பெயர் விதியா?

கறுப்பருக்கு நெஞ்சுரம் போதாது என்ற பேச்சு கிளம்பியதே, அன்று வென்ற அணியின் தலைவர் யார்? ஒப்டூலியோ வரேலா, அவரும் ஆப்பிரிக்க வழிவந்தவரே. ஃப்ரியாசாவின் கோலுக்குப் பின் பந்தைக் கையிலெடுத்துக்கொண்டு நிதானமாக நடந்து, நடுவரிடம் வாதிட்டு, அரங்கின் ஆரவாரத்தைத் தணித்துத் தம் அணியை மீட்டவர் அவர். நம் துன்பியல் கட்டுரைகளில் வரேலாவுக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். ஒரு தரப்பு திறமையாக ஆடி வென்றது என்று ஒப்புக்கொண்டால் துன்பியல் விளையாட்டாகிவிடும் அல்லவா! அன்றிரவு ரியோவின் மதுக்கடைகளில் பிரேசில் ரசிகர்களோடு அமர்ந்து அவர்களது துயரைக் கண்டு வருந்தியவரும் அதே வரேலாதான். எழுத்தாளருக்கு வாய்க்காத அளவறிந்த துக்கம் ஆட்டக்காரருக்கு வாய்த்தது.

2014 ஜூலை 8 அன்று பெலோ ஹொரிசாண்டேயின் அரையிறுதியில் ஜெர்மனியிடம் பிரேசில் 7-1 என்று தோற்றபோது, 'பார்போசா மன்னிக்கப்பட்டார்' என்று பலர் உருகினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குற்றம் இருந்தால்தானே மன்னிப்பு? மன்னிப்பவர் உயரத்தில் நின்று வழங்கும் அந்த அருளும் பழைய தீர்ப்பை உறுதிசெய்வதுதான்.

இலக்கியம் இல்லையேல் பார்போசாவை யார் நினைப்பார் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்கு விடையாக 1988இல் ஜோர்ஜெ ஃபுர்டாடோவும் அன்னா லூயிசா அசெவெடோவும் எடுத்த 'பார்போசா' குறும்படத்தைச் சொல்வேன். சிறுவனாக அந்தத் தோல்வியைக் கண்ட ஒருவன், காலத்தில் பின்னோக்கிப் பயணித்து அந்தக் கோலைத் தடுக்கப் போகிறான். கம்பத்தின் பின்னால் நின்று பார்போசாவை எச்சரித்துக் கூவுகிறான். அந்தக் கூவலில்தான் காவலரின் கவனம் சிதறுகிறது. பந்து உள்ளே போகிறது.

கம்பத்தின் பின்னால் நின்று கூவுபவன் யாரென்று எனக்குத் தெரியும். பல ஆண்டுகள் ஒவ்வொரு வகுப்பிலும் அவரைத் துன்பியல் தலைவனாக்கி, அந்தப் பந்தை மீண்டும் உள்ளே அனுப்பியவன் நான். இப்போது துன்பியலுக்கு வேறு எடுத்துக்காட்டு தருகிறேன். நண்பர்களே, அடுத்த உலகக் கோப்பைக்குக் கட்டுரை எழுத அமரும்போது நீங்களும் வேறொன்றைத் தேடுங்கள்.