எஞ்சின் மாறினால் வண்டி மாறிவிடுமா?

ஒரு பழைய பிக்-அப் வண்டி. வயது எழுபது. கதவு, கூரை, பின்தட்டு எல்லாம் திடமாக இருக்கின்றன. எஞ்சின் மட்டும் செத்துவிட்டது. என்ன செய்வது? காயலாங்கடையில் எடைக்குப் போடுவதா? வேறு எஞ்சினை ஏற்றி ஓட்டுவதா?

சேலம், நாமக்கல் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். "ஏத்தி ஓட்ட வேண்டியதுதானுங்களே!" என்பார்கள். இது லாரிச் சீமை. வெறும் சேஸாக வரும் வண்டியை நாமக்கல் பட்டறைகளில் முழு லாரியாகக் கட்டி அனுப்புகிறார்கள். திருச்செங்கோட்டில் லாரியின் முதுகில் கம்ப்ரசரையும் அதற்கென்று தனி எஞ்சினையும் ஏற்றுகிறார்கள். ஆழ்துளைக் கிணறு போடும் அந்த 'ரிக்' வண்டி இந்தியா முழுவதும் போகிறது. எஞ்சினை இறக்குவதும் ஏற்றுவதும் இங்கே பெரிய காரியம் அல்ல.

ஆனால் சட்டம் சிரிப்பதில்லை. எஞ்சினை மாற்றிய வண்டி எவ்வளவு பழையதானாலும் 'பழம்பெரும் வண்டி' ஆகாது என்கிறது. இது நியாயமா?

ஆறு உலக்கை

அந்தக் காலத்து பிக்-அப்களில் பெயர் பெற்றது செவர்லே. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தயாரித்தது. 1928 முதல் 1954 வரை அந்தக் கம்பெனி பம்பாய் சிவ்ரியில் தொழிற்சாலை வைத்து, பாகங்களைச் சேர்த்து வண்டியாக்கி நம் நாட்டில் விற்றது.

1929-ல் செவர்லேக்கு ஆறு சிலிண்டர் எஞ்சின் வந்தது. ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும். சிலிண்டர் என்பது ஒரு குழல். அதற்குள் பெட்ரோல் எரிந்து பிஸ்டனைக் கீழே உதைக்கும். ஆறும் ஒரே சமயத்தில் உதைக்காது. 1, 5, 3, 6, 2, 4 என்று முறை வைத்து உதைக்கும்.

ஓர் உரலில் இரண்டு பெண்கள் நெல் குத்துவதைப் பார்த்தவர்கள் உண்டு. ஒருத்தி முறை முடிந்ததும் மற்றவள் உலக்கை விழும். இடைவெளியே தெரியாது. இந்த எஞ்சினில் ஆறு உலக்கை. அதனால்தான் அதிர்வு குறைவு. சும்மா நிற்கும்போது எஞ்சின் ஓடுகிறதா என்று காது வைத்துத்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவு நல்ல எஞ்சினை ஏன் மாற்ற வேண்டும்? காரணம் இருக்கிறது.

1953 வரை செவர்லே பிக்-அப்பில் வந்தது 216 கன அங்குல எஞ்சின். அதில் கனெக்டிங் ராடுகளுக்கு எண்ணெய் போகும் விதம் வேடிக்கையானது. ராடின் அடியில் கரண்டி போல ஒரு நாக்கு இருக்கும். சுழலும்போது அது தொட்டியில் உள்ள எண்ணெயை அள்ளிக்கொள்ளும். பேரிங், ஈயக் கலவையை உருக்கி ஊற்றிச் செய்தது. நாற்பது மைல் வேகத்துக்கு இது போதும். இன்றைய சேலம்-நாமக்கல் நால்வழிச் சாலையில் லாரிகளுக்கு ஈடு கொடுத்து ஓட்டினால் பேரிங் தாங்காது. உருக்கி ஊற்றத் தெரிந்த மேஸ்திரிகளும் இன்று அருமை.

1954-ல் பிக்-அப்புக்கு 235 கன அங்குல எஞ்சின் கொடுத்தார்கள். இதுவும் அதே கம்பெனி, அதே ஆறு சிலிண்டர், அதே வரிசை. ஆனால் பம்ப் எண்ணெயை அழுத்தத்தோடு எல்லாப் பேரிங்குக்கும் அனுப்பும். சக்தியும் கூடுதல். 216-ல் சுமார் 92 குதிரைச் சக்தி, இதில் 112. பழைய பிக்-அப்பில் இதை ஏற்றினால் சேஸை வெட்ட வேண்டியதில்லை. தண்ணீர் பம்பும் விசிறியும் ரேடியேட்டரை இடிக்காமல் பார்த்துப் பொருத்தினால் போதும். பானெட்டைத் திறந்தாலும் வித்தியாசம் சட்டென்று தெரியாது. குதிரை கூடிவிட்டதால் பிரேக்கையும் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் ரோட்டில் இறங்குகிறவர்களை நாம் ஆதரிக்கவில்லை.

டீசல் வந்த கதை

இந்த மாற்றம் ஏதோ இன்றைய பணக்காரர் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டு லாரிகள் பெட்ரோலிலிருந்து டீசலுக்கு வந்த வழியில் இதுவும் ஒன்று.

இங்கிலாந்தின் பெர்கின்ஸ் கம்பெனி 1937-ல் பி-6 என்ற டீசல் எஞ்சினை வெளியிட்டது. அதுவும் வரிசையில் ஆறு சிலிண்டர். பெட்ரோல் லாரியின் எஞ்சினைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டவும் அதை விற்றார்கள். 1950-களில் சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனியே அதைத் தயாரித்தது. எஞ்சின் கனம் அதிகம். முன் ஸ்பிரிங்குக்குப் பலம் கொடுக்க வேண்டும். வேகமும் சற்றுக் குறையும். ஆனால் எண்ணெய்ச் செலவு மிச்சம். பெட்ரோல் விலையில் தவித்த லாரி முதலாளிக்கு வேறென்ன வேண்டும்?

அப்படி மாறிய வண்டிகள்தான் பிழைத்தன. மாறாதவை பல உடைபட்டு இரும்பாகிவிட்டன.

விதி என்ன சொல்கிறது?

2021 ஜூலையில் மத்திய அரசாங்கம் பழைய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதலில் பதிவாகி 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துடன் தனிப் பதிவெண் உண்டு. புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டுபோகலாம். வாடகைக்கு ஓட்டக்கூடாது. இதெல்லாம் சரியே. ஆனால் சேஸிலோ, உடலிலோ, எஞ்சினிலோ மாற்றம் செய்திருந்தால் அந்த மதிப்புக் கிடையாது.

வண்டி தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக அதை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு கேரள வழக்கில் தீர்ப்புச் சொன்னது.

அரசாங்கத்தின் அச்சம் நமக்குப் புரிகிறது. திருட்டு எஞ்சினை ஏற்றி எண்ணை மறைக்கிறவர்கள் உண்டு. புத்தம் புது எஞ்சினுக்குப் பழைய கூடு போர்த்தி 'பாட்டன் காலத்து வண்டி' என்று காட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு மதிப்புக் கொடுக்கச் சொல்லவில்லை.

ஆனால் செவர்லேயில் செவர்லே எஞ்சினை ஏற்றியவரையும் இவர்களோடு ஒரே தட்டில் வைப்பதா? அவர் ஏற்றியதும் பழைய எஞ்சின்தான். செவர்லே எஞ்சினின் இரும்பிலேயே வார்ப்பு எண்ணும் தேதியும் இருக்கின்றன. விவரம் தெரிந்த இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். அறுபது ஆண்டுக்கு முன் டீசலுக்கு மாறிய லாரிக்கு ஆர்.சி. புத்தகத்தில் அன்றைய அதிகாரியே பதிந்திருந்தால், அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்த மாற்றத்துக்கும்தான் 50 வயது தாண்டிவிட்டது!

ஆகவே இரண்டு சலுகை போதும். அதே கம்பெனியின் அதே காலத்து எஞ்சினை ஏற்றிய வண்டியையும், 50 ஆண்டுக்கு முன்பே எஞ்சின் மாறியதற்குப் பதிவு உள்ள வண்டியையும் 'வி.ஏ.' பட்டியலில் சேர்க்க வேண்டும். விதியில் ஒரு பத்தி சேர்த்தால் முடிகிற காரியம் இது.

அதுவரை வண்டி வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். எஞ்சினை இறக்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புதல் கேளுங்கள். இறக்கிய பழைய எஞ்சினை எடைக்குப் போடாதீர்கள். கிரீஸ் தடவி, பலகைமேல் ஏற்றி, சாக்குப் போட்டு மூடி வையுங்கள். விதி மாறாவிட்டால் அதையே மறுபடி ஏற்ற வேண்டிவரும்.