காரணம் அறிந்து காரியம் செய்க

பரீட்சை முடிவுகள் வெளியாகும் தினத்திலோ, விண்ணப்பிப்பதற்குரிய கடைசி நாளிலோ ஒரு பொது இணையதளம் ஸ்தம்பித்து நின்றுவிட்டால், காரணம் இன்னதென்று ஆராயுமுன்னரே இன்னும் பெரிய சர்வர் ஒன்றை வாங்கிவிட வேண்டுமென்று நிர்வாகிகள் துடிப்பது விவேகமாகாது.

லினக்ஸ் சர்வரில் ‘டாப்’ கட்டளை காட்டும் ‘லோடு ஆவரேஜ்’ உயர்ந்திருப்பதைக் கண்டவுடன், பிராசசருக்குச் சக்தி போதவில்லை என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால், டிஸ்க்கிலிருந்து தகவல் வந்து சேருவதற்காக வாளா காத்திருக்கும் பணிகளும் அந்த எண்ணிக்கையில் அடங்கியிருக்கின்றன. தேர்வு எண்ணுக்கு ‘இண்டெக்ஸ்’ அமைக்கப்படாத டேட்டாபேஸ், ஒரே ஒரு மாணவரின் மதிப்பெண்ணை எடுத்துத் தருவதற்காக லட்சக்கணக்கான பதிவுகளை ஆதியோடந்தமாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. இத்தகைய குற்றவாளியைக் காட்டிக்கொடுக்க வல்ல ‘ஸ்லோ குவெரி லாக்’ என்னும் வசதி மைஎஸ்கியூஎல் என்னும் டேட்டாபேஸ் மென்பொருளில் இருந்தபோதிலும், நாமாக இயக்கினாலன்றி அது இயங்குவதில்லை. இயக்கிய பின்னரும், கால எல்லையைக் குறைக்காவிட்டால் 10 விநாடிக்கு மேற்பட்ட தாமதங்களை மட்டுமே அது பதிவு செய்யும்.

சர்வரை ரீஸ்டார்ட் செய்வது தற்காலிக சாந்தியை அளிக்கலாம். எனினும், அந்த க்ஷணத்தில் ஓடிக்கொண்டிருந்த பணிகளின் தடயமும் அதனுடன் மறைந்துவிடுகிறது. ஆகவே, பொதுமக்களின் பணத்துக்குப் பொறுப்பேற்றுள்ள அதிகாரிகள், புதிய இயந்திரத்துக்கு நிதி ஒதுக்குமுன், பழைய இயந்திரம் ஏன் திணறியது என்பதற்கு எழுத்துமூலமான விளக்கத்தைக் கேட்டுப் பெறுவார்களாக.