பிடித்த வேலை எது? பரீட்சை சொல்லுமா?

மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இருக்கிறான். தனக்கு ஏற்ற வேலை எது என்று கண்டுபிடிக்க ஒரு பரீட்சை எழுதுகிறான். திரையில் கேள்வி வருகிறது.

"யந்திரங்களைக் கழற்றிப் பழுது பார்க்க உங்களுக்குப் பிடிக்குமா?"

"பிடிக்காது என்று போடு! ஆபீஸ் வேலை வேண்டாமா?" என்கிறார், பின்னால் நிற்கும் அப்பா.

மகன் அப்படியே போடுகிறான். "ஆபீஸ் வேலை உங்களுக்கு ஏற்றது" என்று முடிவு வருகிறது. அப்பாவுக்கு ஒரே மகிழ்ச்சி.

பரீட்சை எழுதியது யார்? மகன் அல்ல, அப்பா!

இந்தப் பரீட்சையில் மந்திரம் எதுவும் இல்லை. ஜோசியமும் இல்லை. நீங்கள் சொன்னதையே அது பிரித்து, அடுக்கி, திருப்பித் தருகிறது. பொய்யாகப் பதில் எழுதினால் பொய்தான் திரும்பி வரும்.

ஆறு ரகம்

ஜான் ஹாலந்து என்பவர் அமெரிக்க மனோதத்துவ நிபுணர். இரண்டாவது உலகப் போரின்போது ராணுவத்தில் இருந்தார். புதிதாகச் சேர்ந்தவர்களைப் பேட்டி கண்டு, யாருக்கு எந்த வேலை என்று பிரிப்பது அவர் பொறுப்பு. மனிதர்களைச் சில ரகங்களில் அடக்கிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1959-ல் அதை ஒரு கொள்கையாக வெளியிட்டார்.

கருவியும் கையுமாக வேலை செய்வோர் ஒரு ரகம். மோட்டார் மெக்கானிக் இதில் சேருவார். ஏன், எப்படி என்று ஆராய்வோர் இன்னொரு ரகம். படம், பாட்டு என்று புதிதாக உண்டாக்குவோர், பிறருக்குக் கற்றுக் கொடுத்து உதவுவோர், பேசி இணங்க வைக்கும் வியாபாரிகள், கணக்கையும் பதிவேட்டையும் ஒழுங்காக வைப்போர் என்று மொத்தம் ஆறு. ஒருவரிடம் இரண்டு மூன்று ரகம் கலந்தே இருக்கும் என்றும் அவர் சொன்னார்.

இந்த முறையில் 60 கேள்விகள் கொண்ட பரீட்சையை அமெரிக்கத் தொழிலாளர் துறை இன்டர்நெட்டில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஆகவே, இதற்கு ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

"மையர்ஸ்-பிரிக்ஸ்" என்ற பரீட்சைக்குப் பெயர் அதிகம். அதை உண்டாக்கியவர்கள் ஒரு தாயும் மகளும். இருவரும் மனோதத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர்கள் அல்ல. மகள் துப்பறியும் நாவல் எழுதியவர்! மனிதர்களை அது 16 வகையாகப் பிரிக்கிறது. அதே ஆள் சில வாரம் கழித்து எழுதினால் வேறு வகை வருவதும் உண்டு. ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று, அதை விற்கும் நிறுவனமே சொல்கிறது.

பிறகு என்ன?

சரி, உண்மையாகப் பதில் எழுதிவிட்டீர்கள். "உதவும் ரகம்" என்று வந்தது. உடனே நர்ஸ் வேலைக்கு மனுப் போட வேண்டுமா? வேண்டாம். எந்தக் கேள்விகளுக்கு யோசிக்காமலே "மிகவும் பிடிக்கும்" என்று போட்டீர்கள்? அவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு "ஆள் தேவை" விளம்பரங்களைப் படியுங்கள்.

பதவியின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். காலை முதல் மாலை வரை என்ன செய்யச் சொல்வார்கள் என்று பாருங்கள். "கிளார்க்" என்று இருக்கும். போனால் நாள் முழுவதும் ஜனங்களோடு பேசும் வேலையாக இருக்கும். "சேல்ஸ்" என்று இருக்கும். உள்ளே கணக்கு எழுதும் வேலை. அந்த வேலையில் இருப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் எல்லாம் சொல்லிவிடுவார்.

பிடிப்பது வேறு, வருவது வேறு. பாட்டுப் பிடிக்கும் என்பதால் பாட வந்துவிடாது. சம்பளம் எவ்வளவு, நம் ஊரில் அந்த வேலை உண்டா, வீட்டில் எத்தனை பேர் சாப்பிட வேண்டும் என்பதும் பரீட்சைக்குத் தெரியாது. கடன்காரர் வாசலில் நிற்கும்போது, கிடைத்த வேலையில் சேருவது தவறே இல்லை. தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். பிறகு பார்க்கலாம்.

ஆனால் அவகாசம் இருந்தும், பிடிக்காத வேலையில் பிள்ளையைப் பிடித்துத் தள்ளுகிறோம். ஆறாவது மாதம் அவன் திரும்பி வந்து நிற்கிறான். "உருப்படாதவன்" என்று திட்டுகிறோம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யந்திரம் பிடிக்கும் என்று மகள் போட்டாலும் அம்மா பதற வேண்டியதில்லை.

60 கேள்விக்கு அதிக நேரம் ஆகாது. அதுவரை அப்பா கடைத்தெருப் பக்கம் போய்க் காய்கறி வாங்கி வரலாம்.